ஹோம் விசையும் ஒரு பொய்யும்

வணக்கம் சார்,

என் மடிக்கணினி பழசு, 2 ஜிபி ராம்தான். கட்டளைகளை டைப் செய்ய டெஸ்க்டாப்போடு வந்த டெர்மினலில் நாலு ஜன்னல் திறந்தாலே திணறுகிறது என்று யூஆர்எக்ஸ்விடி என்ற இன்னொரு டெர்மினலுக்கு மாறினேன். திறக்கச் சொன்ன மறுகணம் திறக்கிறது, அதில் குறையில்லை. மற்றதில்தான் குறை.

வேறிடத்துக் கணினியில் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக சர்வருக்குள் போனால், ஓடும் நிரல்களைக் காட்டும் டாப் கட்டளை ‘அன்னோன் டெர்மினல் டைப்’ என்றது. பேக்ஸ்பேஸ் அடித்தால் எழுத்து அழியாமல் இடைவெளி விழுந்தது. இணையத்தில் தேடி, ஜன்னல் திறக்கும்போதெல்லாம் படிக்கப்படும் பேஷ்ஆர்சி கோப்பில் டெர்ம் மாறியை எக்ஸ்டெர்ம்-256கலர் என்று மாற்றினேன். சர்வர் சரியாகிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து என் கணினியிலேயே ஹோம் விசையை அழுத்தினால் வரியின் தொடக்கத்துக்குப் போகாமல் ஒரு ~ விழுகிறது. எழுத்துகளும் ஒன்றையொன்று தொடாமல் தள்ளித் தள்ளி நிற்கின்றன. டெர்மினலின் அமைப்புகளை எழுதும் எக்ஸ்ரிசோர்சஸ் கோப்பில் செய்யும் மாற்றங்கள் சில எடுபடுகின்றன, சில எடுபடுவதில்லை. கன்ட்ரோல்-ஷிஃப்ட்-சி அழுத்தினால் நகல் எடுக்காமல் ஏதோ ஒரு சின்னப் பெட்டி வருகிறது. போதாக்குறைக்கு, எப்போதாவது திரை அப்படியே உறைந்துபோய் ஜன்னலையே மூட வேண்டியிருக்கிறது.

பேசாமல் எஸ்டி, ஃபுட் என்று வேறு டெர்மினல் எதற்காவது போய்விடலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

இந்தக் காரணங்களுக்காகப் போக வேண்டாம். போகிற இடத்துக்கும் இதில் பாதி கூடவே வரும். உங்கள் தொல்லைகளில் பெரியது அந்த பேஷ்ஆர்சி வரியிலிருந்து வருகிறது. அதே வரியை நானும் பல வருஷம் என் கோப்பில் வைத்திருந்தேன், அதனால் உங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

டெர்மினல் என்பது ஒரு காலத்தில் மேசை மேல் உட்கார்ந்திருந்த நிஜமான கருவி. 1978இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் கொண்டுவந்த விடி100 அவற்றில் பிரபலமானது. ஒவ்வொரு கம்பெனியின் கருவியும் ஒவ்வொரு பாஷை பேசியது. கர்சரை நகர்த்த ஒன்றுக்கு ஒரு குறித்தொடர், இன்னொன்றுக்கு வேறு. எந்தக் கருவி என்ன பாஷை பேசும் என்று எழுதி வைத்த அகராதிதான் டெர்மின்ஃபோ. அந்த அகராதியில் எந்தப் பக்கத்தைப் புரட்ட வேண்டும் என்று நிரல்களுக்குச் சொல்வது டெர்ம் மாறி. இன்று கருவிகள் போய்விட்டன, அவற்றைப் போல நடிக்கும் நிரல்கள்தான் மிச்சம். 1984இல் பிறந்த எக்ஸ்டெர்ம் முதல் உங்கள் யூஆர்எக்ஸ்விடி வரை எல்லாம் நடிகர்கள். ஆனால் எல்லாரும் ஒரே மாதிரி நடிப்பதில்லை. எக்ஸ்டெர்மும் யூஆர்எக்ஸ்விடியும் பெரும்பாலும் ஒத்துப்போகும், ஒத்துப்போகாத சில இடங்களில் ஒன்றுதான் ஹோம் விசை.

இதை நீங்களே பார்த்துவிடலாம். கேட் என்ற கட்டளையைப் பின்னால் எதுவும் கொடுக்காமல் ஓட்டி, ஹோம் விசையை ஒருமுறை அழுத்துங்கள். திரையில் ^[[7~ என்று விழும். யூஆர்எக்ஸ்விடி அனுப்புவது அது. கன்ட்ரோல்-சி கொடுத்து வெளியே வந்து, டிபுட் கட்டளைக்கு ‘கேஹோம்’ என்று கொடுங்கள், வெளியீட்டை கேட் -வி வழியாகச் செலுத்துங்கள். அகராதி என்ன எதிர்பார்க்கிறது என்று வரும். உங்கள் இப்போதைய நிலையில் அது ^[ போட்டு, பின்னால் ஆங்கில ஓ, ஹெச் என இரண்டு எழுத்து காட்டும், ஏனென்றால் நீங்கள் புரட்டச் சொன்னது எக்ஸ்டெர்மின் பக்கம். நீங்கள் டைப் செய்வதை வாங்கி ஓட்டும் ஷெல் அந்தத் தொடருக்காகக் காத்திருக்கிறது, வருவதோ வேறு. முன்பாதியை என்னவென்று தெரியாமல் விழுங்கிவிட்டு, கடைசியில் மிஞ்சிய ~ குறியை நீங்கள் டைப் செய்த எழுத்தாக எடுத்துக்கொண்டு வரியில் போட்டுவிடுகிறது. எண்ட் விசையிலும் இதே கதை, அங்கே 7க்குப் பதில் 8.

ஆக, அந்த வரி ஒரு பொய். சர்வரிடம் சொன்ன பொய்யை வீட்டுக்குள்ளும் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். ஒரே டெர்மினலுக்குள் பல அமர்வுகளை ஓட்டித் தரும் டீமக்ஸ் பயன்படுத்துபவர் என்றால் இன்னும் மோசம். அதற்குள் டெர்ம் என்பது டீமக்ஸ் வைக்கும் பெயராக இருக்க வேண்டும், பேஷ்ஆர்சி அதையும் மிதித்துவிடும். டெர்மைச் சொல்ல வேண்டியது டெர்மினல்தான், ஷெல் அல்ல. முதலில் வரியை எடுங்கள், ஜன்னலை மூடிப் புதிதாகத் திறங்கள். ஹோம் சரியாகிவிடும்.

உடனே சர்வர் மறுபடி முரண்டு பிடிக்கும். முன்பு பேக்ஸ்பேஸ் அடித்தபோது இடைவெளி விழுந்தது என்றீர்களே, அப்போது எழுத்து உண்மையில் அழிந்துதான் இருந்தது. அழித்ததைத் திரையில் காட்டக் கர்சரை எப்படிப் பின்னால் நகர்த்துவது என்று அந்த ஊர் ஷெல்லுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அந்த சர்வரின் அகராதியில் ‘ஆர்எக்ஸ்விடி-யூனிகோட்-256கலர்’ என்ற பக்கமே இல்லை. சின்னதாகக் கட்டப்பட்ட சர்வர்களிலும் பழைய யூனிக்ஸ்களிலும் இது சகஜம். இல்லாத பக்கத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் நேர்வழி. உங்கள் கணினியில் இன்ஃபோசிஎம்பி கட்டளையை -எக்ஸ் கொடியோடு ஓட்டுங்கள். அது உங்கள் டெர்மினலின் பக்கத்தை எழுத்து வடிவில் கக்கும். அதை அப்படியே குழாய் (ஒரு கட்டளையின் வெளியீட்டை இன்னொன்றுக்குள் விடும் | குறி) வழியாக எஸ்எஸ்ஹெச்சுக்குள் தள்ளி, சர்வர் பக்கம் அகராதியில் பக்கம் சேர்க்கும் டிக் கட்டளையை -எக்ஸ் கொடியோடும் தனியாக ஒரு சிறுகோட்டோடும் ஓட்டச் சொல்லுங்கள். சிறுகோடு என்றால் ‘கோப்பிலிருந்து வேண்டாம், குழாயில் வருவதைப் படி’ என்று அர்த்தம். ஒரே வரி, ஒரே முறை. அட்மின் உரிமை வேண்டாம், உங்கள் வீட்டு அடைவுக்குள் டாட்-டெர்மின்ஃபோ என்ற இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இதில் கால் இடறும் இடம் இரண்டு உண்டு. பேஷ்ஆர்சி வரியை எடுக்காமல் இதைச் செய்தால், இன்ஃபோசிஎம்பி எக்ஸ்டெர்மின் பக்கத்தைத்தான் கக்கும், சர்வரில் ஏற்கெனவே இருப்பதையே மறுபடி அனுப்பிவிட்டு ‘செய்தேன், வேலை செய்யவில்லை’ என்று எனக்குக் கடிதம் எழுதுவீர்கள். இன்னொன்று, அட்மின் உரிமை தரும் சூடோ போட்டு எதையாவது ஓட்டும்போது பழைய புகார் திரும்பி வரலாம். அட்மின் கணக்கான ரூட்டின் வீட்டு அடைவு வேறு, உங்கள் வீட்டில் வைத்த அகராதியை அது பார்க்காது. உரிமை இருந்தால் டிக்கையே சூடோவோடு ஓட்டிவிடுங்கள், எல்லாருக்கும் பொதுவான இடத்தில் சேர்ந்துவிடும்.

சில சர்வர்களில் டிக்கே இருக்காது. சரி, அங்கே மட்டும் பொய் சொல்லிக்கொள்ளலாம். எஸ்எஸ்ஹெச்சின் அமைப்புக் கோப்பில் அந்த சர்வரின் பெயருக்குக் கீழே ‘செட்என்வ்’ போட்டு டெர்மை எக்ஸ்டெர்ம் என்று கொடுங்கள். 2021இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 8.7 முதல் இப்படி டெர்மை மாற்றிக்கொள்ள முடிகிறது. ஹோம் விசை அங்கே தகராறு செய்தால் கன்ட்ரோல்-ஏ இருக்கிறது.

பேக்ஸ்பேஸ் விஷயத்தில் இதற்கு அண்ணன் முறையில் இன்னொரு கோளாறு உண்டு, குழப்பிக்கொள்ளாதீர்கள். பேக்ஸ்பேஸ் அடிக்க அடிக்க ^? என்றோ, கூரைக்குறி போட்ட ஹெச் என்றோ திரையில் வரிசையாக விழுந்தால் அது டெர்மின்ஃபோ அல்ல. டெர்மினல் அனுப்பும் எழுத்து ஒன்று, அழிப்புக்குறி என்று இயங்குதளத்தின் மையமான கெர்னல் வைத்திருப்பது வேறொன்று. எஸ்டிடிஒய் -ஏ என்று கேட்டால் ‘எரேஸ்’ என்ற இடத்தில் கெர்னலின் பதில் இருக்கும். கன்ட்ரோல்-வி அழுத்திவிட்டு பேக்ஸ்பேஸ் அடித்தால் டெர்மினலின் பதில் தெரியும். இரண்டையும் ஒன்றாக்கினால் தீர்ந்தது.

இனி எழுத்துரு. இதற்குக் காரணம், எழுத்துருக்களைத் தேடித் தரும் ஃபான்ட்கான்ஃபிக்கின் அளவுக்கு மீறிய மரியாதை. நீங்கள் கேட்ட எழுத்துரு இல்லை என்று அது ஒருநாளும் சொல்லாது, கையில் இருப்பதில் ஏதோ ஒன்றை எடுத்து நீட்டிவிடும். நீங்கள் பெயரில் ஒரு எழுத்தைத் தவறாக அடித்திருந்தாலும் அப்படித்தான். எஃப்சி-மேட்ச் கட்டளைக்கு உங்கள் கோப்பில் உள்ள எழுத்துருப் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். கேட்ட பெயரே திரும்பி வந்தால் சரி. வேறு பெயர் வந்தால், அதுவும் எழுத்துக்கு எழுத்து அகலம் மாறும் எழுத்துருவாக இருந்தால், குற்றவாளி அகப்பட்டான். டெர்மினல் கட்டம் போட்ட நோட்டு மாதிரி, எல்லா எழுத்துக்கும் ஒரே கட்டம். அகலமான எழுத்தும் அடங்கும்படி கட்டத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டு, அதற்குள் ஒல்லியான ஆங்கில ‘i’யையும் வைக்கிறது, அதனால்தான் இடைவெளி. நிஜமான ஒரே அகல எழுத்துருவைக் கொடுத்த பிறகும் கொஞ்சம் தளர்வாகத் தெரிந்தால் ‘லெட்டர்ஸ்பேஸ்’ என்ற அமைப்புக்கு -1 கொடுங்கள். அதைத் தொடுவது கடைசியில்தான். தவறான எழுத்துருவை -3, -4 என்று இறுக்கிக்கொண்டே போனவர்களை எனக்குத் தெரியும்.

எக்ஸ்ரிசோர்சஸ் பற்றி. அந்தக் கோப்பை யூஆர்எக்ஸ்விடி நேராகப் படிப்பதில்லை. எக்ஸ்ஆர்டிபி என்ற கட்டளை அதைப் படித்து, உங்கள் கணினியிலேயே ஓடி ஜன்னல்களைத் திரையில் காட்டும் எக்ஸ் சர்வரின் நினைவில் ஏற்றுகிறது, டெர்மினல் அங்கிருந்து எடுத்துக்கொள்கிறது. எனவே கோப்பைச் சேமித்ததோடு வேலை முடியவில்லை, எக்ஸ்ஆர்டிபியை -மெர்ஜ் கொடியோடு ஓட்ட வேண்டும், பிறகு புது ஜன்னல் திறக்க வேண்டும். திறந்திருக்கும் ஜன்னல் மாறாது. ‘சில எடுபடுகின்றன’ என்றீர்களே, வெளியேறி மறுபடி நுழைந்த நாட்களில் எடுபட்டிருக்கும், அப்போது டெஸ்க்டாப் தானே ஏற்றிவிட்டிருக்கும். சந்தேகம் வந்தால் -க்வெரி கொடியோடு ஓட்டுங்கள், நினைவில் உண்மையில் என்ன இருக்கிறதென்று காட்டும். கோப்பை நம்பாதீர்கள், அதை நம்புங்கள். -மெர்ஜ் பழையதை அழிப்பதில்லை என்பதும் ஞாபகத்தில் இருக்கட்டும். கோப்பிலிருந்து நீக்கிய வரி நினைவில் அப்படியே இருக்கும், அதைத் துடைக்க -லோட்.

என் கதை ஒன்று. ராத்திரி நேரத்தில் நீளமான வேலையை ஓட்டிவிட்டு, முடிந்ததும் மணி அடித்து ஜன்னல் கூப்பிடட்டும் என்று ‘அர்ஜென்ட்ஆன்பெல்’ அமைப்புக்கு ட்ரூ என்று கொடுத்திருந்தேன். கூப்பிடவே இல்லை. விண்டோ மேனேஜரை சந்தேகித்து அதன் அமைப்பையெல்லாம் பிரித்துப் போட்டேன். கடைசியில் பார்த்தால், ட்ரூவுக்குப் பின்னால் அதே வரியில் ஒரு ஆச்சரியக்குறி போட்டு ‘ராத்திரி வேலைக்கு’ என்று எனக்கே நான் குறிப்பு எழுதி வைத்திருந்தேன். ஆச்சரியக்குறி வரியின் தொடக்கத்தில் இருந்தால்தான் குறிப்பு. நடுவில் வந்தால் அது மதிப்பின் பகுதி. ‘ட்ரூ’ என்பதற்குப் பதில் ‘ட்ரூ ! ராத்திரி வேலைக்கு’ என்ற மதிப்பைப் பார்த்த டெர்மினல், இது ட்ரூ இல்லையே என்று ஃபால்ஸாக எடுத்துக்கொண்டது. அதன் மேல் தப்பே இல்லை. ஷெல் பழக்கத்தில் # போட்டுக் குறிப்பு எழுதுவதும் கூடாது, அது, எக்ஸ்ஆர்டிபி கோப்பை முதலில் கொடுக்கும் முன்செயலிக்கான கட்டளையாகப் போய்விடும்.

கன்ட்ரோலையும் ஷிஃப்டையும் சேர்த்துப் பிடித்தால் வரும் பெட்டி, எழுத்தின் யூனிகோட் எண்ணை அடித்து அந்த எழுத்தை வரவழைக்கும் வசதி. ஐஎஸ்ஓ 14755 என்று அதிலேயே எழுதியிருக்கும். நான் வாழ்நாளில் ஒருமுறைகூட அதை வேண்டிப் பயன்படுத்தியதில்லை. ‘ஐஎஸ்ஓ14755’ என்ற அமைப்புக்கு ஃபால்ஸ் கொடுத்தால் ஓய்ந்துவிடும். நகலெடுக்க கன்ட்ரோல்-ஆல்ட்-சி, ஒட்ட கன்ட்ரோல்-ஆல்ட்-வி. எலியால் தேர்ந்தெடுத்ததை நடுப் பொத்தானால் ஒட்டுவது வேறு பை, இது வேறு பை. ஒன்றில் போட்டதை இன்னொன்றில் தேடித்தான் பலர் ‘ஒட்டவில்லை’ என்கிறார்கள்.

திரை உறைவதற்கு, அடுத்த முறை ஜன்னலை மூடும் முன் கன்ட்ரோல்-க்யூ அழுத்துங்கள். எடிட்டர் பழக்கத்தில் சேமிக்கிறேன் என்று கன்ட்ரோல்-எஸ் அழுத்தியிருப்பீர்கள். அது வெளியீட்டை நிறுத்தச் சொல்லும் பழங்காலக் குறி. வேண்டவே வேண்டாம் என்றால் பேஷ்ஆர்சியில் எஸ்டிடிஒய் -ஐஎக்ஸ்ஆன் என்று எழுதிவிடுங்கள். அந்தக் கோப்பில் எழுத வேண்டிய வரி இதுதான்.

மாறலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். எஸ்டியில் எதை மாற்றினாலும் நிரலையே மறுபடி கம்பைல் செய்ய வேண்டும், மேலே உருட்டிப் பார்க்கும் வசதிக்கே தனியாக ஒட்டுப் போட வேண்டும். அது பிடித்தவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும், எனக்குப் பொறுமை இல்லை. எக்ஸுக்குப் பதிலாக வந்த வேலாண்டுக்கு நீங்கள் போய்விட்டால் ஃபுட் நல்ல தேர்வு, அங்கே எக்ஸ்ரிசோர்சஸ் தலைவலியே கிடையாது, ஒரே ஒரு சாதாரண அமைப்புக் கோப்பு. ஆனால் அதுவும் தனக்கென்று ஒரு டெர்ம் பெயரோடுதான் வரும், பழைய சர்வருக்கு அந்தப் பெயரும் புதுசாகவே இருக்கும்.

இப்போதைக்கு ராம்தான் கவலை என்றால் யூஆர்எக்ஸ்விடியிலேயே ஒரு வழி இருக்கிறது. பெயரின் கடைசியில் டி சேர்த்த யூஆர்எக்ஸ்விடிடி பின்னணியில் ஒருமுறை ஓடினால் போதும், சி சேர்த்த யூஆர்எக்ஸ்விடிசியைக் கூப்பிடும்போதெல்லாம் அதே நிரல் புது ஜன்னலைத் திறந்து தரும். பத்து ஜன்னலுக்கும் ஒரே செயல்முறை. அது விழுந்தால் பத்தும் சேர்ந்தே விழும். அதனால் முக்கியமான வேலையை சர்வரில் டீமக்ஸுக்குள் வைத்து ஓட்டுங்கள், ஜன்னல் போனாலும் வேலை அங்கே ஓடிக்கொண்டிருக்கும்.