கோர்ட் பாதுகாப்பு பற்றிக் கொள்கை ஆய்வு செய்வது என்ன மாதிரி வேலை? போலீஸ் அனுபவம் வேண்டுமா?

வேண்டாம். நல்ல செருப்பும் வெயிலில் நிற்கிற பொறுமையும் இருந்தால் போதும்.

டெல்லியில் ஒரு சின்ன ஆய்வு நிறுவனத்தில் ஆறு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். ஊர் திண்டுக்கல் பக்கம். படித்தது புள்ளியியல், சட்டம் பின்னாடி வந்து ஒட்டிக்கொண்டது. அம்மா ஊரில் "பையன் டெல்லி கோர்ட்ல இருக்கான்" என்று சொல்லி வைத்திருப்பதால் பொங்கலுக்குப் போனால் யாராவது ஒருவர் பாகப்பிரிவினைப் பத்திரத்தோடு வாசலில் உட்கார்ந்திருப்பார்.

கோர்ட்டுக்குள் யார் எந்த வாசல் வழியாக வருகிறார்கள், யாரைச் சோதிக்கிறார்கள், யாரை விட்டுவிடுகிறார்கள், ஓட்டை எங்கே, அதை அடைக்க யார் கையெழுத்துப் போட வேண்டும், இதையெல்லாம் பார்த்து எழுதிக் கொடுப்பதுதான் வேலை. பாதி நாள் வாசலில், பாதி நாள் எக்செல்லில். ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு போட்டுக் காத்திருப்பதும் உண்டு. பாதுகாப்பு விஷயம் என்பதால் 8(1)(ஜி) பிரிவைக் காட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்கள், கேள்வியை மாற்றி மறுபடி போடுவோம்.

முதலில் எல்லோரும் சொல்வது, "ஏர்போர்ட் மாதிரி பண்ணிடலாமே" என்பது. பண்ண முடியாது. ஏர்போர்ட்டில் டிக்கெட் இல்லாதவனை வாசலிலேயே நிறுத்தலாம். கோர்ட்டில் விசாரணையைப் பொதுமக்கள் வந்து பார்க்கலாம் என்று சட்டமே சொல்கிறது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 327ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸில் 366. வழக்கே இல்லாதவன்கூட உள்ளே போய்ப் பின்பெஞ்சில் உட்காரலாம். அதுவும் வருகிறவர்களில் பாதிப் பேர் ஒருவர்மேல் ஒருவர் கோபத்தோடு வருகிறவர்கள். விவாகரத்து, சொத்து, கொலை எல்லாம் ஒரே வராண்டாவில்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பண்ணிய ஒரு தப்பைச் சொன்னால் இந்த வேலை உங்களுக்குப் புரியும். ஒரு மாவட்ட கோர்ட் வளாகத்துக்கு (எது என்று வேண்டாம்) நான் எழுதிய அறிக்கையில் இரண்டு வாசல்களை மூடிவிட்டு ஒரே வாசலில் எல்லாரையும் முழுசாகச் சோதிக்கச் சொல்லியிருந்தேன். காகிதத்தில் ரொம்ப அழகாக இருந்தது. ஒத்திகை மாதிரி ஒரு வாரம் செய்தும் பார்த்தார்கள். திங்கட்கிழமை காலை 10 மணிக்கு வரிசை தெருவைத் தொட்டது. ஜாமீனில் இருக்கிற ஒரு பெரியவர் வரிசையில் நின்றுகொண்டே "என் பேரைக் கூப்பிட்டிருப்பாங்க, கூப்பிட்டிருப்பாங்க" என்று இந்தியில் புலம்பிக்கொண்டிருந்தார். பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் ஆப்சென்ட், வக்கீல் சமாளிக்காவிட்டால் பிடிவாரண்ட். என் அறிக்கையால் ஒரு மனுஷன் ஜெயிலுக்குப் போக இருந்தார்.

எங்கள் மேலதிகாரி (ஓய்வுபெற்ற போலீஸ்காரர், பேச்சு ரொம்பக் குறைவு) அன்று சாயந்திரம் ஒன்றுதான் கேட்டார்: "2011ல குண்டு எங்க வெடிச்சுது?" நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வருஷம் செப்டம்பர் 7, புதன்கிழமை காலை, டெல்லி உயர் நீதிமன்றத்தின் 4ஆம், 5ஆம் வாசல்களுக்கு நடுவில் நுழைவுச் சீட்டுக்காக மக்கள் வரிசையில் நின்ற இடத்தில் பிரீஃப்கேஸில் வைத்த குண்டு வெடித்தது. 10 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். சோதனை நடந்தது உள்ளே போவதற்கு. கூட்டமோ சோதனைக்கு வெளியே. நான் அறிக்கை எழுதி அப்படி ஒரு கூட்டத்தைத்தான் தெருவில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தேன். அதிலிருந்து எந்த வாசலைப் பற்றி எழுதினாலும் முதலில் வரிசையின் நீளத்தைத்தான் அளக்கிறேன், மெட்டல் டிடெக்டர் எத்தனை என்பது அப்புறம்.

அடுத்தது கறுப்புக் கோட்டு. 2021 செப்டம்பர் 24 அன்று டெல்லி ரோகிணி கோர்ட்டில் விசாரணைக்குக் கொண்டுவந்த ஜிதேந்தர் கோகி என்ற ரவுடியை நீதிபதி முன்னாலேயே சுட்டுக் கொன்றார்கள். சுட்ட இருவரும் வக்கீல் உடையில் வந்தவர்கள், போலீஸ் அங்கேயே அவர்களைச் சுட்டது. அதே கோர்ட்டில் டிசம்பர் 9ஆம் தேதி ஒரு சின்ன குண்டும் வெடித்தது. 2023 ஏப்ரலில் சாகேத் கோர்ட்டில் ஒரு பெண்ணைச் சுட்டவர் பார் கவுன்சில் தொழில் செய்யக்கூடாது என்று நிறுத்தி வைத்திருந்த வக்கீல். ஜூலையில் தீஸ் ஹசாரி கோர்ட்டில் துப்பாக்கி எடுத்தது வக்கீல் கோஷ்டிகளேதான். ரோகிணிக்குப் பிறகு வக்கீல்களையும் சோதித்துத்தான் விட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டும்கூட இப்படி.

அப்படியானால் வக்கீல்களைச் சோதிக்க வேண்டியதுதானே என்பீர்கள். சோதிப்பது யார்? போலீஸ். 2019 நவம்பர் 2 அன்று தீஸ் ஹசாரியில் ஒரு பார்க்கிங் தகராறு வக்கீல்களுக்கும் போலீசுக்கும் அடிதடியாகி, மூன்று நாள் கழித்து போலீஸ்காரர்களே தங்கள் தலைமையகத்துக்கு முன்னால் போராட்டத்துக்கு உட்கார்ந்தார்கள். அந்தப் போலீஸ்காரர் அந்த வக்கீலின் பையைத் திறக்கச் சொல்வார் என்றா நினைக்கிறீர்கள்? நம்மூர்க்காரர்களுக்கு 2009 பிப்ரவரி 19 ஞாபகம் இருக்கும், சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலேயே போலீசும் வக்கீல்களும் மோதிக்கொண்ட நாள். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2015 நவம்பரில் சிஐஎஸ்எஃப்பை (மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை) கொண்டுவந்தார்கள். வக்கீல்கள் எதிர்த்தார்கள், ஆனால் உள்ளூர்ப் பகை இல்லாத படை என்பதில் ஒரு லாபம் இருக்கத்தான் செய்கிறது. மாவட்ட கோர்ட் எல்லாவற்றுக்கும் அப்படிப் படை கொடுக்க ஆள் கிடையாது, அது வேறு கதை.

என் கருத்தைக் கேட்டால், பிரச்சினை மெஷினில் இல்லை, "இவரை விட்டுடு" என்கிற பட்டியலில் இருக்கிறது. வக்கீல், முன்ஷி (நம்மூரில் குமாஸ்தா), டீ கொண்டுவரும் பையன், ஸ்டிக்கர் ஒட்டிய கார், தெரிந்த முகம். பெண் கான்ஸ்டபிள் சாப்பிடப் போயிருந்தால் அந்த அரை மணி நேரம் பெண்கள் எல்லாரும். போன வருஷம் ஒரு வாசலில் தொடர்ந்து நாலு நாள் நின்று விட்டுவிடப்பட்டவர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் காலை அங்கிருந்த ஹெட் கான்ஸ்டபிள் என்னைப் பார்த்து "ஆயியே மதராஸி பாபு" என்று சிரித்து, பையைத் தொடாமல் உள்ளே அனுப்பிவிட்டார். நானும் நாலு எட்டு போன பிறகுதான் சுதாரித்தேன். திரும்பி வந்து என்னைச் சோதியுங்கள் என்றதற்கு மனுஷன் வருத்தப்பட்டுவிட்டார். அன்றைய தாளில் முதல் கோடு எனக்கு.

இன்னொரு தலைவலி, கோர்ட்டுக்கு ஒரு சொந்தக்காரர் இல்லை. கட்டிடம் பொதுப்பணித் துறையுடையது, வாசல் போலீசுடையது, கோர்ட் ஹால் நீதிபதியுடையது, வக்கீல்களின் அறைகள் இருக்கிற சேம்பர் பக்கம் பார் சங்கத்தின் சொல்தான் செல்லும், திகாரிலிருந்து கைதிகளைக் கொண்டுவருவது டெல்லி ஆயுதப்படையின் 3ஆவது பட்டாலியன். (திகார் ஜெயிலைக் காவல் காப்பதில் தமிழ்நாடு சிறப்புக் காவல் படைக்கும் பங்கு உண்டு. அங்கே டீக்கடையில் தமிழ் காதில் விழும்.) ஒரு சிசிடிவி கேமரா ரிப்பேர் என்றால் யாருக்குக் கடிதம் எழுதுவது என்பதே ஒரு ஆய்வு. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கோர்ட்டுக்கென நிரந்தரப் பாதுகாப்புப் பிரிவு, பாதுகாப்புத் திட்டம், கேமரா எல்லாம் வேண்டும் என்று வழிகாட்டுதல் கொடுத்தது. நல்ல உத்தரவு. இப்போது என் நேரத்தில் பெரும்பகுதி அதில் எது நடந்தது என்று பார்ப்பதில்தான் போகிறது.

கைதியைக் கொண்டுவருவதையே குறைக்கலாம், வீடியோவில் காவல் நீட்டிப்பு செய்யலாம், அதற்குச் சட்டத்தில் இடமிருக்கிறது, போலீஸ் காவலில் இருப்பவரைத்தான் நேரில் கொண்டுவந்தே ஆக வேண்டும். ஆனால் எனக்கு இதில் பாதி மனசுதான். ஜெயிலில் அடி வாங்கியவன் நீதிபதியிடம் சட்டையைத் தூக்கிக் காட்டுகிற ஒரே இடம் கோர்ட். திரையில், பக்கத்தில் வார்டன் நிற்கும்போது, காட்டுவானா?

துப்பாக்கிக்கு வருகிற செய்தி சாட்சிக்கு வராது. சாட்சி சொல்ல வந்த பெண்ணும் குற்றவாளிக் கூண்டில் ஏறப்போகிறவனின் அண்ணன்மாரும் ஒரே பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். யாரும் கையைக்கூட ஓங்க மாட்டார்கள். பார்த்துக்கொண்டே இருப்பார்கள், அவ்வளவுதான். அவள் உள்ளே போய் "எனக்கு எதுவும் தெரியாது" என்பாள். டெல்லி கர்கர்டூமா கோர்ட்டில் 2012இலேயே இதற்காகத் தனி வாசல், தனி அறையோடு சாட்சியம் சொல்லும் மையம் திறந்தார்கள், நாட்டிலேயே முதலாவது. 1958இல் கட்டிய தீஸ் ஹசாரி மாதிரி பழைய கட்டிடங்களில் தனி வழி என்பதற்குச் சுவரைத்தான் இடிக்க வேண்டும். எனக்குக் கேட்டால் இன்னொரு எக்ஸ்ரே மெஷினுக்கு முன்னால் இந்தக் காத்திருக்கும் அறைக்குத்தான் காசு போகணும். பட்ஜெட் கூட்டத்தில் இதைச் சொன்னால் எல்லாரும் தலையாட்டிவிட்டு மெஷினுக்குக் கையெழுத்துப் போடுவார்கள்.

சரி, இந்த வேலைக்கு வர என்ன படிக்கணும் என்றால், சட்டமோ புள்ளியியலோ பொது நிர்வாகமோ, எதுவானாலும் சரி. இந்தி பேச வரணும், தப்பாகவாவது. சேருவதற்கு முன் உங்கள் ஊர் மாவட்ட கோர்ட்டுக்கு ஒரு திங்கட்கிழமை ஒன்பதரைக்குப் போய் வாசலுக்கு எதிரே பதினோரு மணி வரை நில்லுங்கள், கையில் ஒரு நோட்டோடு. அந்த ஒன்றரை மணி நேரம் சலிப்பாக இருந்தால் வேறு வேலை பாருங்கள்.