‘அவதானிக்கப்பட்டது’ – யாரால்?

அன்புள்ள ஐயா,

அப்புத்தளைப் பக்கம் ஒரு நிறுவனத்தில் கள உத்தியோகத்தராக இருக்கிறேன். லயங்களுக்குப் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்குப்) பின்னாலுள்ள மண்மேடுகளையும் நில வெடிப்புகளையும் பார்த்து மாதாமாதம் தமிழில் அறிக்கை எழுத வேண்டும். தோட்ட நிர்வாகத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் அது போகும். ‘வெடிப்பை அளந்தேன், 3 சென்ரிமீற்றர் இருந்தது’ என்று எழுதியிருந்தேன். மேலதிகாரி அதை ‘வெடிப்பு 3 சென்ரிமீற்றர் என அவதானிக்கப்பட்டுள்ளது’ என்று மாற்றிவிட்டார். தொழில்நுட்ப அறிக்கையில் ‘நான்’, ‘நாங்கள்’ என்ற தன்மை வரக்கூடாதாம், முழுவதும் ஒரே காலத்தில் இருக்க வேண்டுமாம். மனம் ஒப்பவில்லை. எது சரி?

– ஒரு வாசகி

அன்பின் தங்கைக்கு,

நீங்கள் எழுதியதுதான் நல்ல வாக்கியம். மேலதிகாரி சொல்வதற்கும் ஒரு காரணம் உண்டு. யார் அளந்தாலும் அளவு ஒன்றாக இருக்க வேண்டும், அதனால் அளந்தவர் முன்னுக்கு வரத் தேவையில்லை என்று நெடுங்காலம் கற்பித்து வந்தார்கள். ஆங்கிலத்தில் எழுதும் விஞ்ஞானிகளே இதைக் கட்டாயமாகப் பிடித்துக்கொள்ளவில்லை. டிஎன்ஏயின் அமைப்பை 1953இல் அறிவித்த வொட்சனும் கிரிக்கும் ‘நாங்கள்’ என்றுதான் அந்தக் கட்டுரையைத் தொடங்கினார்கள்.

தமிழில் இன்னும் வசதி. ‘அளந்தேன்’ என்றால் போதும், ஆள் யார் என்பது விகுதியிலேயே இருக்கிறது. வாக்கியத்துக்கு வாக்கியம் ‘நான்’ போட வேண்டியதில்லை. குழுவாகப் போனால் முதல் பந்தியில் ‘நாங்கள்’ என்றால் யார் யார், என்ன பதவி, எந்தத் தேதியில் போனோம் என்று ஒருமுறை சொல்லிவிடுங்கள். அப்புறம் ‘அளந்தோம்’, ‘பார்த்தோம்’ தானாக ஓடும்.

ஆள் தெரிய வேண்டும் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உங்கள் ஊருக்கு அருகிலேயே இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் தேதி காலை கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடப்பட்டிருந்ததாகப் பிறகு செய்திகள் வந்தன. ‘விடப்பட்டிருந்தது.’ யார் விட்டார்? யார் கையில் கொடுத்தார்? வாங்கியவர் லயத்து மக்களிடம் போய் என்ன சொன்னார்? அத்தனை பேரும் அந்த ஒரு வினைச்சொல்லுக்குள் காணாமல் போய்விடுகிறார்கள். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ‘மக்கள் வெளியேற்றப்பட வேண்டும்’ என்று எழுதும்போதும் இதேதான் நடக்கிறது. வாசிக்கிற ஒவ்வொரு அலுவலகமும் அது அடுத்த அலுவலகத்தின் வேலை என்று நினைத்துக்கொள்ளும். ‘தோட்ட நிர்வாகம் இந்த லயத்தில் உள்ளவர்களை வெளியேற்ற வேண்டும்’ என்று எழுதிப் பாருங்கள், கடிதம் யாருடைய மேசையில் நிற்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

செயப்பாட்டு வினையே வேண்டாம் என்று சொல்லவில்லை. ‘இந்த லயம் வெள்ளைக்காரர் காலத்தில் கட்டப்பட்டது’ என்பதில் மேசன் யார் என்று யாரும் கேட்கப் போவதில்லை. பார்த்தவர், பொறுப்பெடுப்பவர் என்று ஆள் முக்கியமாகும் இடத்தில் ஆளை மறைக்கக்கூடாது, அவ்வளவுதான்.

இனிக் காலம். முழுவதும் ஒரே காலம் என்ற விதியை நான் ஏற்கமாட்டேன். ‘வெடிப்பின் அகலம் 3 சென்ரிமீற்றர் இருக்கிறது’ என்று எழுதினால், அடுத்த மாதம் வாசிப்பவருக்கு அது பொய்யாகியிருக்கலாம். நீங்கள் அளந்தது ஒரு நாளில், ஒரு வேளையில். தேதியைப் போட்டு ‘இருந்தது’ என்று எழுதுங்கள். வெடிப்பு லயத்துக்கு மேலே, வடிகாலுக்கும் தேயிலைக்கும் நடுவே ஓடுகிறது என்பது நாளைக்கும் அப்படியே இருக்கும். அதற்கு ‘உள்ளது’ பொருந்தும். ‘படம் 2 காட்டுகிறது’ என்பதும் சரி, வாசிக்கும்போது படம் கண்முன்னால்தானே இருக்கிறது.

அதைவிட நுணுக்கமாகக் கவனிக்க வேண்டியது துணைவினை. ‘மரம் சாய்ந்தது’ என்றால் அது சாய்ந்ததை நீங்கள் பார்த்தீர்கள் என்று ஆகும். ‘சாய்ந்திருந்தது’ என்றால் போனபோது சாய்ந்த நிலையில் கண்டீர்கள். ‘சாய்ந்து வருகிறது’ என்று எழுத, குறைந்தது இரண்டு தடவையாவது அளந்திருக்க வேண்டும். மண் நகர்கிறதா, பழைய சாய்வா என்று பார்க்கும் புவியியலாளருக்கு இந்த மூன்றும் மூன்று வேறு செய்தி. ‘அவதானிக்கப்பட்டுள்ளது’ என்று போட்டால் மூன்றும் ஒன்றாகிவிடும். ஊற்றுத் தண்ணீர் திடீரெனக் கலங்கி வந்தது, கதவு இறுகிக்கொண்டது என்று லயத்து அம்மா ஒருவர் சொன்னால், ‘கலங்கி வந்ததாக அங்கே குடியிருப்பவர் சொன்னார்’ என்று அவர் பார்த்ததை அவருடையதாகவே எழுதுங்கள். நீங்களே பார்த்ததோடு கலக்காதீர்கள். அவர் சொல்வதை விட்டுவிடவும் வேண்டாம். மண்சரிவுக்கு முன்னறிகுறிகளாகச் சொல்லப்படுபவை பெரும்பாலும் அங்கேயே இருப்பவர் கண்ணில்தான் முதலில் படுகின்றன.

பொது உண்மைகளுக்குத் தமிழில் ‘உம்’ ஈற்று வினை இயல்பாக வரும். ‘மலை நிற்கும், ஞாயிறு இயங்கும்’ என்று பழைய உரைகாரர்கள் உதாரணம் காட்டுவார்கள். ‘நீர் ஊறினால் மண் பாரமாகும்’ என்று தாராளமாக எழுதலாம். ஆனால் அதே வினைதான் நாளை நடக்கப்போவதையும் சொல்லும். ‘கனமழை பெய்தால் இந்த மேடு சரியும்’ என்றால் இது பொது விதியா, உங்கள் எதிர்வுகூறலா? எதிர்வுகூறல் என்றால் ‘சரியக்கூடும்’ என்று எழுதி, ஏன் அப்படி நினைக்கிறீர்கள் என்று அடுத்த வரியிலேயே சொல்லுங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினாலே நம் மலைகளில் விழிப்பாக இருக்கச் சொல்கிறார்கள். உங்கள் மழைமானி காட்டிய அளவை அதற்குப் பக்கத்தில் வைத்தால் ‘கூடும்’ என்பதற்கு எடை வரும்.

மேலதிகாரி ‘நான்’ வேண்டாம் என்றே நின்றால் சண்டைக்குப் போக வேண்டாம். ‘கள உத்தியோகத்தர் 12ஆம் தேதி காலை வெடிப்பை அளந்தார், அகலம் 3 சென்ரிமீற்றர் இருந்தது’ என்று படர்க்கையில் எழுதிக் கொடுங்கள். தன்மை போய்விட்டது, ஆளும் நாளும் போகவில்லை. அதை அவர் மறுக்கமாட்டார் என்று நினைக்கிறேன். மறுத்தால் அந்தப் பந்தியை எனக்கு அனுப்புங்கள், இருவருமாகப் பார்ப்போம்.

அன்புடன்.