தெவசத்து இலையும் சுகர் ரிப்போர்ட்டும்

அன்புள்ள சார்,

அம்மாவுக்கு 66 வயசு, ரொம்ப வருஷமா சுகர். இந்தத் தடவை டெஸ்ட்ல இன்னும் ஏறியிருக்கு. அதைக் கேட்டதும் தாய்மாமா வந்து, உருளை, தக்காளி, பீன்ஸ், கோஸ், காலிஃபிளவர், கேரட் எல்லாம் இங்கிலீஷ் காய், அதனாலதான் இவ்வளவு வியாதி, நம்ம முன்னோர் தெவசத்துல கூட சேர்க்கலையேன்னு சொல்லி மொத்தமா நிறுத்திட்டார். இப்ப எல்லாம் நாட்டுக்காய்தான், பாதி நாள் சேப்பங்கிழங்கு இல்லாட்டி வாழைக்காய். மாமா சொல்றது சரியா? காலையில பாகற்காய் ஜூஸ் குடுக்கலாமா?

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி

வணக்கம்மா,

ஜூஸ் விஷயத்தை முதல்ல முடிச்சுடறேன். பாகற்காய் நல்ல காய், சமைச்சுப் போடுங்க. ஆனா மாத்திரைக்கு அது பதில் இல்ல, மாத்திரையும் போட்டு மேல ஜூஸும் குடிச்சா சுகர் தடால்னு கீழ போகவும் வாய்ப்பிருக்கு, டாக்டரைக் கேக்காம வேணாம்.

என்னைப் பதில் எழுத உக்கார வெச்சது அந்த ஜூஸ் இல்ல, மாமா சொன்ன தெவசம். கொஞ்ச நாள் முன்னாடிதான் எங்க வீட்டுல அப்பா தெவசம் நடந்துச்சு, இலையைப் பாத்துட்டு நானும் இதையேதான் யோசிச்சுட்டு இருந்தேன். வாழைக்காய், புடலங்காய், அவரை, பாகற்காய், சேப்பங்கிழங்கு, பிரண்டைத் துவையல். காரத்துக்கு மிளகு, மிளகாய் ஒண்ணு கூட கிடையாது. யோசிச்சுப் பாருங்க, மிளகாய், தக்காளி, உருளை மூணுமே அமெரிக்கக் கண்டத்துக் காய், 1498ல வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுல வந்து இறங்கறதுக்கு முன்னாடி நம்ம ஊர்ல ஒருத்தரும் கண்ணால பாத்ததில்ல. மிளகாய் போர்ச்சுகீசியர் மூலமா 16ஆம் நூற்றாண்டுல வந்துச்சு. காலிஃபிளவர் 1822 வாக்குலதான் உத்தரப் பிரதேசத்து சகாரன்பூர் தோட்டத்துக்கு வந்துச்சு, நீலகிரியில உருளையும் மத்த மலைக்காயும் கோயம்புத்தூர் கலெக்டரா இருந்த வெள்ளைக்காரர் ஜான் சல்லிவன் காலத்துல வந்துச்சு. பூரி ஜெகந்நாதர் கோயில் மடப்பள்ளியில இன்னைக்கும் உருளையும் தக்காளியும் உள்ள நுழையாது. ராஜாவும் மாறி, சட்டமும் மாறி, அடுப்பே கேஸ் ஆன பிறகும் வருஷத்துல ஒரு நாள் ஐநூறு வருஷம் முந்தைய சமையல் நம்ம வீட்டு இலையில வந்து உக்காருது. இதை நினைச்சா எனக்கு இப்பவும் சிலிர்க்கும்.

இந்தக் கணக்குல எங்க பெரியம்மா படு கறார். ஒரு தடவை சித்தி தெரியாம ரசத்துல தக்காளியைக் கரைச்சுட்டாங்க, மொத்த ரசத்தையும் கொட்டி திரும்ப வெக்க சொல்லிட்டாங்க, நாங்க பசங்க எல்லாம் காக்கா எப்ப வரும்னு பசியில துடிச்சுட்டு இருக்கோம். அதே பெரியம்மா அன்னைக்கு சர்க்கரைவள்ளிக்கிழங்கை வேக வெச்சு வெல்லம் போட்டு அவங்க கையாலயே இலையில வெச்சாங்க. அதுவும் அமெரிக்காக்காரன் கிழங்குதான்! பின்னால படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டு போய் சொன்னேன். "போடா, நம்ம கொல்லையில விளைஞ்சது எப்படிறா அமெரிக்கா ஆகும்"னு சொல்லிட்டு அடுப்பைப் பாக்கப் போயிட்டாங்க. அவங்களோட வாதாடி ஜெயிச்ச ஆள் எங்க குடும்பத்துல கிடையாது.

இப்ப உங்க மாமாகிட்ட வரேன், கொஞ்சம் கோவமாவே வரேன். மிளகாய்ப்பொடியை நிறுத்தினாரா? ஊறுகாயை? அது எல்லாத்தையும் விட பெரிய வெளிநாட்டுக்காரன் ஆச்சே. சரி அதை விடுங்க, என் கோவம் அது இல்ல. 100 கிராம் சமைக்காத தக்காளியில மாவுச்சத்து, சர்க்கரை எல்லாம் சேத்தே 4 கிராம் பக்கம்தான். கோஸ்ல 6, பீன்ஸ்ல 7. உருளையில 17, சரி அதைக் குறைக்கறது நியாயம். ஆனா சேப்பங்கிழங்குல 26 கிராம்! வாழைக்காயும் அதுக்குக் குறைஞ்சதில்ல. அதாவது சுகர் இருக்கற அம்மாகிட்ட இருந்து பீன்ஸையும் கோஸையும் புடுங்கிட்டு, உருளையை விட மாவு அதிகமா இருக்கற கிழங்கை, அதுவும் சோத்துக்கு மேல, நாட்டுக்காய்னு பேர் சொல்லி தட்டு நிறைய வெக்கறீங்க. இதுக்கு ரிப்போர்ட் ஏறாம இறங்குமா? கிழங்கு மேல எனக்கு ஒரு விரோதமும் இல்ல, அதை சோத்துக் கணக்குல சேத்து அந்த அளவு சோத்தைக் குறைச்சுட்டு சாப்பிடட்டும், காய்க்கணக்குல சேக்காதீங்க. முன்னோர் இலை முன்னோர் எதை சாப்பிட்டாங்கன்னு சொல்லும், அம்மாவுக்கு எது ஒத்துக்கும்னு சொல்லாது. காய்ல இருக்கற மாவுச்சத்து பாஸ்போர்ட் பாத்து ரத்தத்துல கலக்கறதில்ல.

நாட்டுக்காய் வேணும்னா தாராளமா போடுங்க, புடலை, சுரை, பீர்க்கு, வெண்டை, அவரை, கத்திரி, கீரை இருக்கே, மாமா லிஸ்ட்ல அதெல்லாம் எங்க? உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு காயும் பழமும் சேத்து 400 கிராம்னு சொல்லுது, கிழங்கு அதுல சேத்தி இல்ல. நம்ம வீடுகள்ல ரெண்டு ஸ்பூன் பொரியலைத் தொட்டுக்கன்னு ஓரமா வெச்சுட்டு சோத்தை மலை மாதிரி போடறோம், அப்புறம் அந்த ரெண்டு ஸ்பூன் எந்த நாட்டுக்காய்னு பஞ்சாயத்து. தக்காளியோட சிவப்புல இருக்கற லைகோபீன்ங்கற சத்து கொஞ்சம் எண்ணெய் விட்டு வதக்கினா இன்னும் நல்லா உடம்புல சேரும், நம்ம தொக்குலயும் குழம்புலயும் பண்றது அதுதான், அதையும் நிறுத்திட்டீங்க.



இன்னொண்ணும்மா. உங்க கடிதத்துல அம்மா ரிப்போர்ட் இருக்கு, மாமா லிஸ்ட் இருக்கு, அவங்களுக்கு எந்தக் காய் பிடிக்கும்னு ஒரு வரி இல்ல. இத்தனை வருஷம் உங்க எல்லாருக்கும் காய் நறுக்கிப் போட்டவங்க. மாமா இல்லாத நேரமா பாத்து கேட்டுட்டு எழுதுங்க, டாக்டர்கிட்டயும் காட்டற மாதிரி ஒரு வாரத்து மெனு நானே போட்டுத் தரேன்.