வாசகர் கேள்வி – பதில்: டெல்லி கணேஷ்

கேள்வி: நெல்லைச் சீமைக்காரரான நடிகர் கணேஷின் பெயரோடு டெல்லி எப்படி ஒட்டிக்கொண்டது?

பதில்: 1944-ல் வல்லநாட்டில் பிறந்த அவர், 1964 முதல் 1974 வரை இந்திய விமானப்படையில் பணியாற்றினார். தலைநகரில் இயங்கிய தட்சிண பாரத நாடக சபாவில் நடித்துத் தேர்ந்தவர் என்பதால், 'பட்டினப் பிரவேசம்' (1977) படத்தில் அறிமுகப்படுத்திய கே. பாலசந்தர் அந்தப் பெயரைச் சூட்டினார்.

கேள்வி: 400-க்கும் மேற்பட்ட படங்களில் நடித்தும் அவர் துணை நடிகராகவே இருந்துவிட்டாரே! அது இழப்பில்லையா?

பதில்: இழப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. கதாநாயகனாக நிலைத்திருந்தால், 'சிந்து பைரவி'யில் (1985) குடிப்பழக்கத்தால் கெட்டுப்போகும் மிருதங்க வித்வான் குருமூர்த்தியும், 'நாயகன்' (1987) படத்தில் வேலு நாயக்கரின் நிழலாகவே வாழும் ஐயரும், 'அபூர்வ சகோதரர்கள்' (1989) படத்தின் நான்கு வில்லன்களில் ஒருவரான பிரான்சிஸ் அன்பரசும் ஒரே மனிதரிடமிருந்து நமக்குக் கிடைத்திருப்பார்களா?

'மைக்கேல் மதன காமராஜன்' (1990) படத்தில் கல்யாணச் சாம்பாரில் மீன் விழுந்துவிட்ட காட்சியை மறுபடியும் பாருங்கள். பாலக்காட்டுத் தமிழ் பேசும் சமையல்காரர் மணி ஐயராக அவர் சிரிக்கவைக்க முயல்வதே இல்லை. தொழிலும் ஆசாரமும் ஒருசேரப் பறிபோகப்போகிற ஒரு மனிதரின் உண்மையான பதற்றத்தை மட்டுமே காட்டுகிறார், நமக்குத்தான் சிரிப்பு தாங்கவில்லை. எதிரே கமல்ஹாசன் பேசும்போதும் அந்த முகம் ஒரு கணம்கூட ஓய்வதில்லை. வசனம் தன்னுடையதாக இல்லாத நேரத்திலும் பாத்திரமாகவே நிற்பது மேடையில் பழகியவர்களுக்கே கைவரும் வித்தை என்பது என் எண்ணம். நகைச்சுவை நடிகர் என்று மட்டும் அவரைக் குறிப்பிடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

கேள்வி: சின்னத்திரைக்குப் போனதால் அவர் மதிப்பு குறைந்ததா?

பதில்: இல்லை. அவருடைய பலமே வீட்டுப் பெரியவரின் இயல்பான பேச்சுதான். தொலைக்காட்சித் தொடர்களுக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது.

கேள்வி: 2024 நவம்பரில் அவர் மறைந்த பிறகுதான் அவரைத் தேடிப் பார்க்கத் தோன்றுகிறது. எந்தப் படத்தில் தொடங்கலாம்?

பதில்: துரை இயக்கிய 'பசி' (1979). ஷோபாவின் தந்தையாக, சென்னையின் குடிசைப் பகுதியில் ரிக்‌ஷா இழுக்கும் தொழிலாளியாக வருகிறார். தமிழக அரசின் சிறப்புப் பரிசு இந்தப் படத்துக்காகக் கிடைத்தது. பிற்காலத்துப் படங்களில் அவரை ஐயர் வேடங்களிலேயே பார்த்துப் பழகியவர்கள், அந்த ரிக்‌ஷாக்காரரின் பேச்சையும் நடையையும் அவசியம் பார்க்க வேண்டும்.