ஜூல் போனதற்கு மொத்த சாஃப்ட்வேரையும் தூக்கிப் போட வேண்டுமா?

கேள்வி: எங்கள் லாரி புக்கிங் ஆபீஸுக்கு 2018-ல் ‘நெட்ஃபிளிக்ஸ் மாடல் ரெஃபரன்ஸ் ஆர்க்கிடெக்சர்’ (மாதிரி வடிவமைப்பு) என்று சொல்லி சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தார்கள். உள்ளே யுரேகா, ஜூல், ரிப்பன், ஹிஸ்ட்ரிக்ஸ் இருக்கின்றனவாம். இப்போது ஒருவர் வந்து, “நாலும் செத்துப்போச்சு, புதுசா எழுதணும், 40 லட்சம்” என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள்.

அவர் சொல்வதில் முக்கால்வாசி உண்மைதான். ஜூல் என்பது வெளியிலிருந்து வருவதை உள்ளே விடும் வாசல்; ரிப்பன் வேலையைப் பல சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது; ஹிஸ்ட்ரிக்ஸ் ஒரு பகுதி படுத்தால் மற்றதைக் காப்பாற்றும் ஃபியூஸ். ஹிஸ்ட்ரிக்ஸில் இனி புது வேலை இல்லை என்று 2018 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸே சொல்லிவிட்டது. அடுத்த மாதம், இவற்றை ஜாவா சாஃப்ட்வேர்களில் எளிதாகச் சேர்க்க வழிசெய்யும் ஸ்பிரிங் கிளவுட்காரர்கள் ஜூல், ரிப்பன், ஹிஸ்ட்ரிக்ஸ் மூன்றையும் ஓரங்கட்டினார்கள். 2020 டிசம்பர் வெளியீட்டில் எடுத்தே விட்டார்கள். நீங்கள் பால் காய்ச்சிக் குடிபுகுந்த வருடமே கதவு, ஜன்னலுக்கு ஆயுள் முடிந்துவிட்டது!

ஆனால் வீட்டு பிளான் அப்படியேதான் இருக்கிறது. வெளியிலிருந்து வருவதெல்லாம் ஒரே வாசலில் நுழைய வேண்டும். வாடகைக் கணக்கு படுத்தாலும் ரசீது போடுவது நிற்கக் கூடாது. இதற்கு ஜூலுக்குப் பதில் ஸ்பிரிங் கிளவுட் கேட்வே, ரிப்பனுக்குப் பதில் ஸ்பிரிங் கிளவுட் லோட்பேலன்சர், ஹிஸ்ட்ரிக்ஸுக்குப் பதில் ரெசிலியன்ஸ்4ஜே. அவ்வளவுதான்.

யுரேகா சாகவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், கொட்டேஷனில் அதற்கும் ஒரு தொகை போட்டிருப்பார். ஸ்பிரிங் கிளவுட்காரர்கள் ஓரங்கட்டிய அந்த 2018 டிசம்பர் அறிவிப்பிலேயே யுரேகா இதில் சேராது என்று எழுதியிருக்கிறது. எந்த சர்வீஸ் (சாஃப்ட்வேரின் தனித்தனித் துண்டு) எங்கே ஓடுகிறது என்று பதிந்துவைக்கும் பேரேடு அது. அது இருப்பதால்தான் புது கேட்வேயும் பழைய சர்வீஸ்களும் ஒரே பேரேட்டில் பெயர் பதிந்து பக்கத்தில் பக்கத்தில் ஓட முடியும். நீங்களும் ஒவ்வொன்றாக மாற்றலாம். இன்டர்நெட்டைப் பார்த்து நிற்பது ஜூல்தான், அதை முதலில் மாற்றுங்கள். இதெல்லாம் ஏறி நிற்கும் அடித்தளமான ஸ்பிரிங் பூட்டில் 3-ஆம் பதிப்புக்குப் போகும்போது ஜாவா 17 வேண்டும், பல ஃபைல்களில் ‘ஜாவாக்ஸ்’ என்றிருப்பதை ‘ஜகார்த்தா’ என்று திருத்த வேண்டும். அலுப்பான வேலை, ஆனால் 40 லட்ச வேலை இல்லை.

லோகோ ஒட்டிய ஒரு ஸ்லைடைக் காட்டி, அதுதான் ஆர்க்கிடெக்சர் என்பவர்களை நம்பாதீர்கள். “இந்தப் பெட்டி எதற்கு? நாளைக்கு இது நின்றால் அங்கே எதை வைப்பீர்கள்?” என்று கேளுங்கள். அடுத்த ஸ்லைடுக்குத் தாவினால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். டெண்டர் எழுதுகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ‘ஒரு கேட்வே வேண்டும்’ என்று எழுதாமல் பொருளின் பெயரையே எழுதுவார்கள். பொருள் செத்த பிறகும் அதே பக்கத்தை ஜெராக்ஸ் எடுப்பார்கள்.

சோர்ஸ் கோடு (புரோகிராமர் எழுதிய மூல நிரல்) உங்கள் கையில் இருக்கிறதா? இல்லையென்றால் பழைய ஆளிடம் இந்த வாரமே கேட்டு வாங்குங்கள்; மற்ற பேச்செல்லாம் அப்புறம்.