முதல் மாதமே மாவுக்கட்டு

கேள்வி: 32 வருடம் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு மே 31-ல் ஓய்வு பெற்றேன். தெப்பக்குளத்தைத் தினமும் இரண்டு சுற்று நடப்பதற்காகப் புது ஷூ வாங்கி வைத்தேன். ஜூன் 19 அன்று மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிவிட்டு இறங்கும்போது ஏணியின் கடைசிப் படி தவறி, வலது கணுக்கால் முறிந்தது. 6 வாரம் மாவுக்கட்டு. காலை ஊன்றக் கூடாதாம். ஆசிரியையான மனைவி மதிய இடைவேளையில் ஓடி வந்து சோறு போட்டுவிட்டுப் போகிறாள். பார்க்க வருகிறவர்கள் ஏழரைச் சனி என்கிறார்கள். சித்தப்பாவோ, கட்டைப் பிரித்துப் புத்தூர் கட்டு போடச் சொல்கிறார். ஒரு மாதம்கூட நிம்மதியாக இருக்கக் கொடுத்து வைக்கவில்லையே!
- வாசகர், அனுப்பானடி, மதுரை

பதில்: உங்களுக்காவது 19 நாள் கிடைத்தது. எனக்கு 9 நாள்தான். திருநகர் வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறி நின்று தொரட்டியால் முருங்கைக்காய் பறித்தேன். காய் வந்தது, நாற்காலி சாய்ந்தது, வலது மணிக்கட்டு போனது. அதே காயில் வைத்த சாம்பாரைத்தான் அன்றிரவு மனைவி ஊட்டிவிட்டாள். முப்பது வருடம் நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தவர்கள், ஓய்வு பெற்ற கையோடு அதன் மேல் ஏறுகிறோம். இதில் சனிக்கு என்ன வேலை?

சித்தப்பா கோபித்தாலும் பரவாயில்லை, கட்டைப் பிரிக்காதீர்கள். சேர ஆரம்பித்த எலும்பு விலகினால் ஆபரேஷன் வரை போகலாம். படுக்கும்போது தலையணைகளை அடுக்கிக் காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே வையுங்கள். கால்விரல்களை ஆட்டலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்; சரி என்றால் அடிக்கடி ஆட்டுங்கள். நான் பயந்துபோய் விரலை மடக்காமலே வைத்திருந்தேன். கட்டுப் பிரித்த அன்று டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. அப்புறம் பிசியோதெரபிக்கு இரண்டு மாதம் அலைந்தேன். விரல் நீலம் பாரித்தாலோ, மரத்துப்போனாலோ, கட்டுக்குள் வலி ஏறிக்கொண்டே போனாலோ, மூச்சு வாங்கினாலோ, மனைவி வரட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

மதியச் சாப்பாட்டைக் காலையிலேயே ஹாட்பாக்ஸில் கட்டில் பக்கம் வைத்துவிடச் சொல்லுங்கள். பாவம், அவர் வெயிலில் ஓடி வர வேண்டாம். பதிலுக்கு நீங்கள் சின்ன வெங்காயம் உரித்து வைக்கலாம். உட்கார்ந்து செய்கிற வேலைதானே. நான் இடது கையால் கீரை ஆய்ந்தேன். மோசமாகத்தான் ஆய்ந்தேன்.

இன்னொன்று. இரண்டு மாதமும் எல்லாப் பழியையும் கையின் மேல் போட்டேன். கை சரியானது, மதியம் மூன்று மணி மட்டும் அப்படியே இருந்தது. ஆபீசிலிருந்து போன் வராத அந்த மூன்று மணி, கால் நன்றாக இருந்திருந்தாலும் உங்களுக்கு வந்திருக்கும். தெப்பக்குளத்தைச் சுற்றிக்கொண்டே அதற்குப் பிடி கொடுக்காமல் கொஞ்ச நாள் ஓட்டியிருப்பீர்கள், அவ்வளவுதான்.

தைப்பூசத் தெப்பத் திருவிழா வருவதற்குள் நடமாடிவிடுவீர்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் சாயங்காலமானால் கணுக்கால் வீக்கம் சில மாதங்களுக்கு எட்டிப் பார்க்கும். அந்த ஷூவுக்குப் பில் இருக்கிறதா? ஒரு சைஸ் பெரிதாக மாற்றி வாங்கி வரச் சொல்லுங்கள்.