நூலைக் கண்டாலே வாயை மூடுகிற பிள்ளைகள்: பெற்றோர் கேள்விகளுக்குப் பதில்

ஃபுளோஸ், அதாவது பல்லிடுக்கில் விட்டு எடுக்கிற நூலைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

மகளுக்கு நாலு வயது. எப்படியும் விழப்போகிற பால் பல்லுக்கு இதெல்லாம் வேண்டுமா டொக்டர்? (தலவாக்கலை)

வேண்டும். முன்பற்கள் ஆறேழு வயதில் விழுந்துவிடும், சரி. ஆனால் பின்னால் இருக்கிற பால் கடைவாய்ப் பற்கள் 10, 12 வயது வரைக்கும் வாயில் இருக்க வேண்டியவை. அவை ஒன்றோடொன்று ஒட்டி நிற்கிற இடத்தில் பிரஷ் நுழையாது, அங்கே அடிக்கடி பூச்சி விழும், மேலே பார்த்தால் பல் வெள்ளையாகத்தான் தெரியும், பிள்ளை ராத்திரியில் வலி என்று அழும்போதுதான் உள்ளே குழி விழுந்திருப்பதே நமக்குத் தெரியவரும். ஆறு வயதில் முளைக்கிற நிரந்தரக் கடைவாய்ப் பல்லும் இதோடு ஒட்டித்தான் நிற்கப்போகிறது.

முன்பற்களுக்கு நடுவே இடைவெளி இருந்தால் அங்கே நூல் வேண்டாம், பிரஷ் போதும். ஒட்டி நிற்கிற கடைவாய்ப் பற்களை மட்டும் கவனியுங்கள். பெரும்பாலான சின்னப் பிள்ளைகளுக்கு அது மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நாலு இடம்தான்.

ஐந்து வயது மகன், நூலைக் கண்டாலே வாயை இறுக்கி மூடிக்கொள்கிறான். அதட்டியும் பார்த்துவிட்டோம், ஒரு அடியும் போட்டுவிட்டோம். (ஹட்டன்)

அடி வேண்டாம். "டொக்டரிடம் கூட்டிப்போய் ஊசி போடச் சொல்வேன்" என்கிற மிரட்டலும் வேண்டவே வேண்டாம், ஏனென்றால் அப்படிப் பயந்த பிள்ளை பிறகு உண்மையிலேயே பல் வலி வந்து எங்களிடம் வரும்போது வாயைத் திறக்காது, பாவம்.

முதல் சில நாட்களுக்கு நூல் அவன் வாய்க்குள் போகவே கூடாது. ரொட்டிக்கு மாவு பிசையும்போது அதில் கொஞ்சம் எடுத்து உங்கள் இரண்டு விரல்களுக்கு நடுவே அப்பி விரல்களைச் சேர்த்துப் பிடியுங்கள். அவன் கையில் நூலைக் கொடுத்து மாவை எடுக்கச் சொல்லுங்கள். இழுத்து இழுத்து எடுப்பான், சிரிப்பான். அப்புறம் உங்கள் வாயைத் திறந்து காட்டி, "அம்மா பல்லில் என்ன மாட்டியிருக்கு, பாரு" என்று உங்கள் பல்லிலேயே செய்ய விடுங்கள், கொஞ்சம் வலித்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். இவ்வளவும் பழகிய பிறகு அவன் வாயில் ஒரே ஒரு இடம். மறுநாள் இரண்டு.

செய்யும்போது அவன் தலையை உங்கள் மடியில் வைத்து மல்லாக்கப் படுக்க வையுங்கள், ஃபோன் டோர்ச்சை இன்னொருவர் பிடிக்கட்டும். எதிரே நின்றுகொண்டு தாடையைப் பிடித்தால் எந்தப் பிள்ளைக்கும் பயம்தான் வரும்.

விளையாட்டுக்கு வெளியே தேட வேண்டாம். தேயிலைக் கொழுந்து எடுப்பதைத் தினமும் பார்க்கிற பிள்ளைகள் நம் பிள்ளைகள். ஒவ்வொரு பல்லிடுக்கும் ஒரு நிரை, அதாவது ஒரு செடி வரிசை, நாலு நிரையும் முடிந்தால் கொழுந்து நிறுக்கிற இடத்துக்குப் போகலாம் என்று வையுங்கள், நூலில் வந்த தேங்காய்ப்பூவையும் கீரையையும் அவனிடமே காட்டி "இன்றைக்கு எத்தனை கிலோ?" என்று கேளுங்கள். தன் பல்லிலிருந்து என்ன வந்தது என்று பார்ப்பதில் பிள்ளைகளுக்கு அவ்வளவு ஆசை! முடிந்ததும் சுவர்க் கலண்டரில் அவனே ஒரு நட்சத்திரம் வரையட்டும். ஏழு நட்சத்திரத்துக்கு ஒரு பரிசு கொடுங்கள், டொஃபி மட்டும் வேண்டாம். அவனுக்குப் பிடித்த கதையை இரண்டு தடவை சொல்லுங்கள், அது போதும்.

நூல் விட்டால் இரத்தம் வருகிறது. பயந்து நிறுத்திவிட்டேன். (பண்டாரவளையிலிருந்து ஒரு தந்தை)

நிறுத்தாதீர்கள். அழுக்குத் தேங்கி வீங்கிய ஈறுதான் இப்படிக் கசியும். தினமும் மெதுவாகச் செய்தால் ஒன்றிரண்டு வாரத்தில் நின்றுவிடும். நிற்காவிட்டால், அல்லது நூல் விடாமலே இரத்தம் வந்தால், பிள்ளையைக் காட்டுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் கிளினிக்கில் காசு கேட்க மாட்டார்கள்.

நூலை "டக்" என்று ஈறில் இறக்குகிறீர்களோ என்றும் சந்தேகமாக இருக்கிறது. ஆட்டி ஆட்டி இறக்கி, ஒரு பல்லை அணைத்தாற்போல் வளைத்து மேலும் கீழும் தேயுங்கள், பிறகு பக்கத்துப் பல்லையும் அதே மாதிரி.

பேத்தியை நான்தான் வளர்க்கிறேன், மகள் கொழும்பில் வேலை. கடை நூல் விலை கூட. தையல் நூல் போட்டால் என்ன? எங்கள் காலத்தில் ஈர்க்குதான். (மஸ்கெலியா)

தையல் நூல் இழை பிரிந்து இடுக்கில் மாட்டிக்கொள்ளும் அம்மா, ஈறையும் அறுக்கும். ஈர்க்கு, ஊக்கு, நெருப்புக்குச்சி மூன்றும் பிள்ளை வாய்க்கு ஆகவே ஆகாது.

கைப்பிடி வைத்து வருகிற கலர் கலர் ஃபுளோஸ் குச்சி பிள்ளைகளுக்குப் பிடிக்கும், உங்களுக்கும் பிடிப்பது சுலபம், ஆனால் ஒன்றை ஒரு நாள்தான் பாவிக்கலாம், அதனால் செலவு கூடும். மெழுகு பூசிய நூல் சுருள் வாங்குங்கள். ஒரு தடவைக்கு 45 சென்டிமீட்டர், அதாவது ஒரு முழம் வெட்டினால் போதும், 50 மீட்டர் சுருள் நூறு நாளைத் தாண்டியும் வரும். கை நடுங்கினால் நூலின் இரண்டு முனையையும் சேர்த்து வளையமாக முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள், பிடி நழுவாது.

நுவரெலியா குளிரில் ராத்திரி பைப் தண்ணீரைத் தொடவே பிள்ளை அழுகிறாள், இதில் ஃபுளோஸ் வேறா?

ஃபுளோஸுக்குத் தண்ணீரே வேண்டாமே! கம்பளிக்குள் படுக்க வைத்தே செய்யலாம். பிரஷ் செய்த பிறகும் வாயைக் கழுவ வேண்டியதில்லை, நுரையைத் துப்பினால் போதும், பேஸ்டில் இருக்கிற ஃபுளோரைட் பல்லில் தங்கினால் நல்லதுதான். பிரஷை நனைக்க ஒரு கோப்பை வெந்நீர் வைத்துக்கொள்ளுங்கள். நூல் முதலில், பிரஷ் பிறகு, அதற்கு மேல் சீனி போட்ட தேத்தண்ணி கிடையாது, அழுதாலும் வெறும் தண்ணீர்தான்.

ஒன்பது வயது மகள் தானே செய்வேன் என்கிறாள். விடலாமா? (பதுளை)

விடுங்கள். எட்டிலிருந்து பத்து வயதுக்குள் விரல்கள் அதற்குப் பழகிவிடும். கீழ்ப் பின்பற்கள்தான் கைக்கு எட்டாது, அவற்றை மட்டும் இன்னும் கொஞ்ச நாளைக்கு ராத்திரியில் நீங்களே செய்துவிடுங்கள்.